இரண்டாவது வயர்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அந்த வருடம் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க இலக்கம் தேவைப்படவில்லை. பெரிய ரோட்டான காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒழுங்கைக்குள் நாலு எட்டு வைத்தால் போதும், இரைச்சலே கையைப் பிடித்து அழைத்துப் போய்விடும். ரயில் போகும்போது கொஞ்ச நேரம் ரயிலின் சத்தம் மேலாக இருக்கும். ரயில் போனதும் மறுபடியும் அதே இரைச்சல். தாஸிம் முதலாளியின் கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள், பக்கத்து வீட்டில் மாவு மில் வைத்திருக்கிறார்களா என்று விசாரித்தார்கள். மாவு மில்லைக்கூட மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள்.

அந்த இரைச்சலோடு குடித்தனம் நடத்தியவள் பத்மாவதி. வயது நாற்பத்தாறு. கல்யாணம் கூடிவரவில்லை. அவளுடைய வாய்தான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். வந்த மாப்பிள்ளைகள்தான் காரணம் என்று அவள் சொன்னாள். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிப்பாள், வாய்க்கு மட்டும் விரதம் கிடையாது. ஹெக்டர் என்பவரின் சிறிய அலுவலகத்தில் வேலை. லண்டன் வழக்கறிஞர்கள் ஒலிப்பதிவில் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, எழுத்தாக அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு குரலைக் கொஞ்ச நாள் கேட்டால் போதும், அந்த மனிதர் பொய் சொல்கிறாரா, பல்லுக் கட்டியிருக்கிறாரா, முதல் நாள் குடித்தாரா என்றெல்லாம் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

ஹெக்டர் கொட்டாஞ்சேனையில் பிறந்த கத்தோலிக்கத் தமிழர். இப்போது கல்கிசையில் இருந்து ரயிலில் வந்துபோகிறார். ஒழுங்கையில் இருந்த அந்த வீட்டின் முன் ஹோல்தான் அலுவலகம். அதற்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாத ஒரு ஸ்டோர் அறை. ஒலிப்பதிவுகளும் எழுத்துகளும் வந்து குவியும் சேர்வர் அங்கேதான் இருந்தது. அதற்கும் பின்னால், ஒரு பிளைவூட் தடுப்புக்கு அந்தப் பக்கம், அடுப்பும் கட்டிலும் கக்கூசும் கொண்ட ஒரு அறை. சேர்வரைப் பார்த்துக்கொள்வதற்காகப் பத்மாவதிக்கு அந்த அறையைக் கொடுத்திருந்தார் ஹெக்டர். தமிழர் தங்கும் வீடுகளுக்கான பொலிஸ் பதிவில் அவரே கையெழுத்தும் வைத்திருந்தார்: இந்த வீட்டில் இரவில் தங்குபவர் ஒருவர், பெண்.

உண்மையில் தங்கியது இரண்டு பேர். இது ஹெக்டருக்குத் தெரியாது.

இரண்டாவது ஆள் பத்மாவதியின் தம்பி பாலசுந்தரம். கண் சத்திரசிகிச்சைக்காக இயக்கத்திடம் பாஸ் எடுத்து, திரும்பி வருவேன் என்பதற்கு மனைவியையும் மகளையும் பொறுப்பு வைத்துவிட்டு, கிளிநொச்சியில் இருந்து வந்தவன். கண் சரியாயிற்று. கட்டு அவிழ்ப்பதற்குள் ஊருக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். வந்தவன் வந்த இடத்திலேயே நின்றான். ஒரு லொட்ஜில் இருந்தான். லொட்ஜுகளில் இருந்த தமிழர்களைப் பொலிஸ்காரர் ஒரு விடியற்காலையில் பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனபோது, பிளேன்ரீ குடிக்க வெளியே போயிருந்த காரணத்தால் தப்பினான். தப்பி எங்கே போவது? அவனுடைய பொலிஸ் பதிவு அந்த லொட்ஜின் பெயரில் இருந்தது. இன்னொரு இடத்தில் பதியப் போனால் இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். பதியாமல் பிடிபட்டால் கேள்வியே இல்லை, நேரே உள்ளே. அதோடு ஒழுங்கைகளில் ஆள் கடத்தும் வெள்ளை வானும் ஓடித் திரிந்தது. அக்காவின் அறைக்குள் ஒரு பின்னேரம் நுழைந்தவன் பிறகு வாசலைத் தாண்டவே இல்லை.

ஒரு ஆளைப் பதுக்கி வைப்பது என்றால் ஏதோ பெரிய வீரம் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். அது முழுக்க முழுக்க அரிசியும் இருமலும்தான். இரண்டு பேருக்கான அரிசியை ஒரே கடையில் வாங்க முடியாது. பகலில் கக்கூசில் தண்ணீர் ஊற்ற முடியாது, ஏனென்றால் பத்மாவதி முன்னால் அலுவலகத்தில் இருப்பது அங்கே வேலை செய்யும் மற்றப் பெண்களுக்குத் தெரியும். இருமல் வந்தால் தலையணைக்குள். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒழுங்கையில் கொஞ்சம் சாமான், பாமன்கடைப் பக்கம் போய் மிச்சச் சாமான் என்று அவள் வாங்கியும், தாஸிம் முதலாளி ஒருநாள் கேட்டுவிட்டார்:

"மிஸ், நல்லாத்தான் சாப்பிடுறீங்க. ஒடம்பு மட்டும் வைக்குதில்லியே?"

"எரிச்சலிலை கரையுது முதலாளி. நீங்கள் குடுக்கிற அரிசி அப்பிடி," என்று வெட்டிவிட்டு வந்தாள்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அதற்குப் பிறகுதான் இரைச்சல் வந்தது.

ஒரு முன்னிரவு வானத்தில் இயக்கத்தின் விமானம் வருகிறது என்று நகரத்து மின்சாரம் முழுவதையும் நிறுத்தினார்கள். மற்ற நாட்களில் மின்சாரம் போனால் சேர்வருக்குக் கவலை இல்லை. அதன் முதுகில் இரண்டு வயர்கள். ஒன்று வீட்டு மின்சாரம். மற்றது மதில்மேல் ஏறி இறங்கித் தாஸிம் முதலாளியின் கடைக்குப் போவது. ஐஸ்கிறீம் பெட்டிக்காக அவர் ஜெனரேற்றர் வைத்திருந்தார். கடையில் எந்நேரமும் மின்சாரம் இருக்கும். ஒழுங்கையில் பாதி வீட்டுக்காரர் அவரிடம் இப்படி ஒரு வயர் இழுத்திருந்தார்கள். கொடிக்கயிறு எந்த வீட்டில் இருந்து எந்த வீட்டுக்குப் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை அல்லவா, அந்த வயரையும் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அன்றைக்கு ஆமிக்காரர்கள் ஒழுங்கைக்குள் ஓடிவந்து, ஜெனரேற்றரையும் நிறுத்து என்று கத்தினார்கள். வெளியே துவக்குச் சத்தங்கள். சேர்வர் செத்தது. பிறகு மின்சாரம் வந்து, போய், மறுபடி ஒரு உதையோடு வந்தது.

சேர்வரும் எழும்பியது. எழும்பும்போதே அதன் விசிறிகள் எல்லாம் உச்ச வேகத்தில் சுற்றத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் தணியும் என்று காத்திருந்தாள். தணியவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்துதான் இருந்தது.

காலையில் ஹெக்டர் சேர்வரை விற்ற கொம்பனிக்காரருடன் கதைத்துவிட்டு அவளுக்குப் போன் எடுத்து விளக்கினார். அந்தப் பெட்டிக்குள் சிப் என்கிற ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. மின்சாரத்தையும் விசிறிகளையும் கட்டுப்படுத்துவதுதான் அதன் வேலை. சேர்வரை நிறுத்தினாலும் அது தூங்காது. வயரில் மின்சாரம் இருக்கும்வரை விழித்தே இருக்கும். நேற்றைய உதையில் அது வெருண்டுபோய்விட்டது, பெட்டி எரிகிறது என்று நினைத்துக்கொண்டு விசிறிகளை விரட்டுகிறது.

"நீர் என்ன செய்யும், சேர்வரை நிப்பாட்டிட்டு, வயரைக் கழட்டும். கொஞ்ச நேரம் விடும். பட்டனை அழுத்திப் பிடிச்சு உள்ளுக்கு மிச்சம் இருக்கிற கரண்டையும் போக விட்டிட்டு, திருப்பிக் கொழுவும். அதுக்கு எல்லாம் மறந்திரும். புதுசா எழும்பும்."

சொன்னபடி செய்தாள். வயரைக் கழற்றினாள், காத்திருந்தாள், பட்டனை அழுத்திப் பிடித்தாள், கொழுவினாள். விசிறிகள் முன்னைவிடக் கோபமாக எழுந்தன. மூன்று தரம் செய்தும் அதே கதை. "என்ரை சொல்லை என்ரை தம்பியே கேக்கிறேல்லை, நீ எங்கை கேக்கப் போறாய்?" என்று பெட்டியைத் திட்டினாள்.

நாலாம் தரம் குனிந்தபோதுதான் மற்ற வயரைப் பார்த்தாள். மதிலால் போகும் வயர். அதைக் கழற்றவே இல்லை! சில்லு தாஸிம் முதலாளியின் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு கொட்டக்கொட்ட விழித்திருந்தது. கொம்பனிக்காரனுக்கு எங்கே தெரியப்போகிறது, இந்த ஒழுங்கையில் பக்கத்து வீட்டுக் கடையில் இருந்தும் ஒரு வயர் வரும் என்று. கையை நீட்டினாள். பிளக்கைப் பிடித்தும்விட்டாள்.

அந்த நேரம் ஏதோ தோன்றி, கையை எடுத்துவிட்டு அறைக்குப் போனாள். பாலசுந்தரம் கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். தலையணை பக்கத்தில் கிடந்தது, அவன் அதை எடுக்கவில்லை. வாயை அகலத் திறந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஆசைதீர இருமினான். ஒரு வருடத்து இருமல். வாசலில் நின்ற அவளுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

பத்மாவதி திரும்பிப் போய் ஹெக்டருக்குப் போன் எடுத்தாள்.

"சரிவரேல்லை சேர். எல்லாம் செய்து பாத்திட்டன்."

அது அவள் அவரிடம் சொன்ன முதல் பொய் அல்ல. முதல் பொய் கட்டிலில் இருமிக்கொண்டிருந்தது. ஆனால் இந்தப் பொய்யை ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு விசித்திரமான சுகம் வந்தது. பாலசுந்தரம் அறைக்குள் நடந்தான். தண்ணீர் ஊற்றிக் குளித்தான். பாத்திரம் கைதவறி விழுந்தால்கூட யாருக்கும் கேட்காது. பொலிஸ் ஒழுங்கைக்குள் வீடு வீடாக வந்தபோது, ஹோலுக்குள் வந்து காதைப் பொத்திக்கொண்டு நின்று, அவளுடைய அடையாள அட்டையை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிட்டார்கள். இரைச்சல் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு கூரைபோல் இருந்தது. கூரைக்குக் கீழே இருந்தவர்களின் தலைதான் வெடித்தது. பத்மாவதிக்குக் காதுக்குள் எப்போதும் ஒரு ரீங்காரம். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூடப் பிடிபடவில்லை. சின்ன வயதில் இருந்தே சத்தம் என்றால் அவளுக்கு ஆகாது. இப்போது சத்தம் நின்றுவிடுமோ என்று பயந்து பயந்து விழித்தாள்.

ஒரு குறை மட்டும் அவளை அரித்தது. தம்பி கதைப்பதில்லை. முன்னர் பயத்தில் கதைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது என்ன கேடு? வன்னியில் சண்டை இறுகிவிட்டது. கிளிநொச்சி விழுந்துவிட்டது என்று பட்டாசு கொளுத்தினார்கள், அந்தப் பட்டாசையும் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான். மனைவி பிள்ளையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சோற்றுக் கோப்பையை நீட்டினால் வாங்குவான். "போதுமோ?" என்றால் தலையாட்டுவான்.

"வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லன்ரா!" என்று ஒருநாள் அவன் காதுக்குள் கத்தினாள். "உன்னை வைச்சிருக்கிறதும் ஒண்டுதான், சுவரை வைச்சிருக்கிறதும் ஒண்டுதான்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேச்சு அவனுக்கு அற்றுப்போயிற்று என்று முடிவுகட்டி, பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

மாசி மாதம் ஒரு காலை, மற்றப் பெண்கள் வருவதற்கு முன்னரே ஹெக்டர் வந்தார். தனியாக வரவில்லை. பதிவு பார்க்க வழக்கமாக வரும் பொலிஸ் சார்ஜன்ற்றும் கூடவே வந்தார்.

ஒழுங்கையில் யாரோ முறைப்பாடு செய்துவிட்டார்களாம். தமிழ் ஆட்கள் இருக்கிற வீட்டில் விமான எஞ்சின்போல ஏதோ மாதக்கணக்காக ஓடுகிறது என்று. சார்ஜன்ற் கெட்ட மனிதர் அல்ல. அசட்டுச் சிரிப்போடுதான் நின்றார். ஆனால் மேலிடத்தில் கேட்டுவிட்டார்கள், மெஷினைக் கண்ணால் பார்க்க வேண்டும், சத்தம் நிற்பதைக் காதால் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை முழுவதும் சோதிக்க ஆட்கள் வருவார்கள் என்று சிங்களத்தில் சொன்னார். ஹெக்டர் சரளமான சிங்களத்தில், ஒன்றும் பயமில்லை, இது வெறும் விசிறி, இப்போதே நிறுத்திக் காட்டுகிறேன் என்றார்.

மூவரும் ஸ்டோர் அறைக்குள் நின்றார்கள். பிளைவூட்டுக்கு அந்தப் பக்கம் பாலசுந்தரம். போய்ச் சொல்ல வழியில்லை. சத்தம் நின்றால் அவன் விளங்கிக்கொள்வான், மூச்சுக்கூட விடமாட்டான், இருமல் மட்டும் வராமல் இருந்தால் போதும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். பிள்ளையாருக்குத் தேங்காயும் நேர்ந்தாள்.

ஹெக்டர் சேர்வரை நிறுத்திவிட்டு அதன் பின்னால் குனிந்தார். எழும்பி அவளைப் பார்த்தார்.

"கொம்பனிக்காரன் நேத்துக் கேட்டான், எத்தனை வயர் இருக்கெண்டு. பத்மா, ரெண்டு இருக்கு. இது உமக்குத் தெரியாதா?"

ஹெக்டர் இரண்டையும் பிடுங்கினார். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அமைதி. தூரத்தில் கடல் கேட்டது. தாஸிம் முதலாளியின் கடையில் யாரோ பாண் கேட்பது கேட்டது. அதன் பிறகு, பிளைவூட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து, ஒரு ஆணின் குரல் தெளிவாகக் கேட்டது.

"...செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கு குஞ்சு. லைற்றை அடிச்சுப் பாத்து இறங்கு, பங்கருக்குள்ளை பாம்பு கிடக்கும். அம்மான்ரை கையை விடாதை. ஓம். ஓம், அப்பா மேலை நிக்கிறன்தானே. எண்ணு பாப்பம், எத்தினை ஷெல் விழுகுதெண்டு எண்ணு. எண்ணினாப் பயம் தெரியாது. ஓம் குஞ்சு, நல்ல பிள்ளை..."

அவசரம் இல்லாத குரல். இடைவெளி விட்டு, மறுமொழியைக் கேட்டு, அதற்கு ஏற்றபடி பேசுகிற குரல். இன்றைக்குத் தொடங்கிய பேச்சு அல்ல அது. சத்தம் வந்த நாளில் இருந்து அவன் பேசியிருக்கிறான். அவள் ஹோலில் உட்கார்ந்து லண்டன்காரரின் குரல்களை எடைபோட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், பின்னால் அவன் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். எங்கோ ஒரு பங்கர்க் கிடங்குக்குள் மகளைப் பத்திரமாக இறக்கிக்கொண்டு இருந்திருக்கிறான். இரைச்சல் நின்றதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

சார்ஜன்ற்றுக்குத் தமிழ் தெரியாது. "மொக்கத ஏ?" அது என்ன என்று தடுப்பைக் காட்டிக் கேட்டார்.

"ரேடியோ," என்றாள் பத்மாவதி. "ரேடியோ நாடகம்."

ஹெக்டருக்குத் தமிழ் தெரியும். ஒவ்வொரு சொல்லும் தெரியும். பட்டனில் இருந்த அவருடைய விரல் நகரவில்லை. அவருடைய கையெழுத்துத்தானே பொலிஸில் இருந்தது, ஒருவர், பெண் என்று. ஒரு சொல் சொன்னால் அவர் தப்பலாம். அவர் சொல்லவில்லை. சார்ஜன்ற்றைப் பார்த்துத் தலையை ஆட்டினார், ஆமாம், ரேடியோதான் என்பதுபோல.

சார்ஜன்ற் சிரித்தார். தன்னுடைய மனைவியும் நாடகம் என்றால் அடுப்பில் சோறு கருகுவதையும் மறந்துவிடுவாள் என்றார். பிறகு, அதையும் நிறுத்துங்கள், மெஷினின் சத்தம் நின்றதா என்று நான் ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்றார்.

பத்மாவதி போனாள். கதவைத் தன் உடம்பு நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, உள்ளே போய்ச் சாத்தினாள். பாலசுந்தரம் நிலத்தில் குந்தியிருந்தான். கட்டிலுக்குக் கீழே இருந்த இருட்டைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் அவள் வருடக்கணக்காகக் காணாத ஒரு வெளிச்சம். பின்னால் இருந்து அவன் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். சொல்லிக்கொண்டிருந்ததைச் சொல்லி முடிக்க அவன் உதடுகள் அவளுடைய கைக்குள் கொஞ்ச நேரம் அசைந்தன. பிறகு நின்றன.

அந்தப் பக்கம் ஹெக்டர் இரண்டு வயரையும் கொழுவினார். சேர்வர் எழும்பியது. விசிறிகள் ஒருமுறை உறுமிவிட்டு, அடங்கி, பூனை மூச்சு விடுவதுபோல மெதுவாகச் சுற்றின. சார்ஜன்ற் காதை வைத்துக் கேட்டு, போதும், நல்ல வேலை என்று சொல்லிப் போனார். பத்மாவதி கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். கை நனைந்திருந்தது.

மறுநாள் காலை ஹெக்டர் வந்தபோது கையில் ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பை. அதை அவளுடைய மேசையில் வைத்தார். உள்ளே பழைய ரேடியோ ஒன்று இருந்தது. அவர் பின்பக்கக் கதவைப் பார்க்கவே இல்லை.

"அந்தாளுக்கு ரேடியோ கேட்டது. அப்ப, இந்த வீட்டில ரேடியோ ஒண்டு இருக்க வேணும்தானே," என்றார். "நான் ஒண்டும் கேக்க இல்ல பத்மா. நீரும் எனக்கு ஒண்டும் சொல்ல வேணாம். ஆனா ஒண்டு, நாங்க மூண்டு பேரும் இப்ப ஒரே வயரில."

பத்மாவதி ரேடியோவை அறைக்குக் கொண்டுபோனாள். தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சோறு முதல் நாள் வைத்தபடியே இருந்தது. ரேடியோவைத் தடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, பாட்டு வந்ததும் குமிழைக் கடைசிவரை திருகினாள். அவனுக்கு முன்னால் குந்தினாள்.

"இப்ப கதை. ஒருத்தருக்கும் கேக்காது. கதையடா."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். வெட்கப்பட்டதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"உங்களுக்குக் கேட்டிட்டுது, அக்கா," என்றான்.

அவ்வளவுதான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் அவளிடம் சொன்ன சொல் அதுதான்.

பத்மாவதி எழும்பினாள். அறைக்கதவைச் சாத்தினாள். ஸ்டோர் அறையைத் தாண்டும்போது சேர்வர் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்கு அமைதியாக இருந்தது. ஹோலுக்கு வந்து தன்னுடைய கதிரையில் உட்கார்ந்து, காதுக் கருவியை எடுத்து இரண்டு காதையும் இறுக்கி மூடினாள். ஒலிப்பதிவு எதையும் போடவில்லை.

உள்ளே அவன் பேசினானா, மகள் கிடங்குக்குள் இறங்கினாளா என்று அவளுக்குத் தெரியாது. அன்று முழுவதும் அந்தக் கருவியை அவள் காதில் இருந்து எடுக்கவில்லை.